எழுவான்கரைக்கு எது, படுவான்கரைக்கு எது: சிறிய ஊரின் கழிவுநீருக்கு நான்கு வழிகள்

குழாய்த் தண்ணீர் வந்த ஊரில் முதலில் நிரம்புவது மலகூடக் குழி. கிணற்றில் அள்ளிக் குளித்த காலத்தில் அளவாகத்தான் தண்ணீர் செலவானது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் மட்டக்களப்புப் பக்கமும், கொண்டவட்டுவான் தண்ணீர் அம்பாறைக் கரையோரமும் வீட்டுக்குள் வந்த பிறகு, ஒரு ஆள் நாளொன்றுக்கு 100 லீற்றர் அளவில் கழிவாக வெளியே விடுகிறார். மணலுக்குள் போக இடமில்லாதபோது அது கானுக்குப் போகிறது, கானிலிருந்து வாவிக்கு.

இதனால்தான் பிரதேச சபை உறுப்பினர்களும் கிராம அபிவிருத்திச் சங்கக்காரரும் இப்போது அடிக்கடி ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எங்கட ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று போடுவதென்றால் எந்த வகை? ஒருவர் கையில் கம்பனி கொடுத்த வண்ணப் புத்தகம். இன்னொருவர் கையில் புல் நட்ட கல் படுக்கையின் படம். மூன்றாமவர், குழிகளைத் திருத்தினாலே போதும் என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லா ஊருக்கும் இல்லை.

கணக்குப் பார்க்க வசதியாக 5,000 பேர், அதாவது ஏறக்குறைய 1,250 வீடுகள் உள்ள ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 500 கன மீற்றர் கழிவுநீர். உங்கள் ஊர் இதில் பாதி என்றால் எண்களையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

மாரியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது. ஆவணியில் வந்து குழி வெட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஆலோசகரின் அறிக்கை எழுவான்கரைக்கு, அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பக்கத்துக்கு, உதவாது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் துண்டில் மார்கழி மாதம் ஓரிரு அடியிலேயே தண்ணீர் ஊறும் வளவுகள் உண்டு. அந்த மாதத்தில் அளந்த அளவுதான் அளவு.

நிலம். எத்தனை ஏக்கர் என்பதோடு, யாருடைய பெயரில் என்பதையும் பாருங்கள். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நிலையத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிகள் தனி.

வெளியே விடும் தண்ணீர் எங்கே போகும். பலரும் கடைசியாகக் கேட்பது இது, முதலில் கேட்க வேண்டியதும் இதுவே. உள்நாட்டு நீர்நிலையில் விடுவதானால் பிஓடி (கழிவை உடைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமையும் தொங்கல் திண்மம் 50 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. ஆனால் வாவிக்கு அதை விடப் பெரிய தொல்லை நைதரசனும் பொஸ்பரசும். கோடையில் பாலமீன்மடு முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும்போது, உள்ளே போனது வெளியே போகாது. பாசி பிடிக்கும், ஒட்சிசன் குறையும், மீன் மிதக்கும். பிஓடி அளவு சரியாக இருக்கிறது என்று காட்டும் அறிக்கை இதைச் சொல்லாது.

மாதச் செலவும் ஆளும். கட்டுவதற்குத் திறைசேரியோ வெளிநாட்டு நிதியோ கிடைக்கலாம். கரண்ட் பில்லைக் கட்டப்போவது சபை. இயக்குபவருக்கு ஆளணி அங்கீகாரம் எடுக்க வேண்டியதும் சபைதான். வீடு, காணிக்கான சோலைவரியே ஒழுங்காகச் சேராத சபை, கழிவுநீர்க் கட்டணத்தை எப்படிச் சேர்க்கும் என்று முதலே யோசிக்க வேண்டும்.

சேறு. நான்கு வழியிலும் சேறு வரும். சேறே வராது என்று சொல்லும் விற்பனையாளரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

## நிலையத்துக்கு முன்னால் குழாய்

கம்பனிப் புத்தகத்தில் நிலையத்தின் விலை இருக்கும். 1,250 வீட்டிலிருந்து அதற்குக் கழிவுநீர் எப்படி வந்து சேரும் என்பது இருக்காது. பல ஊர்களில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தின்பது இந்தக் குழாய் வலைதான். இலங்கையில் குழாய்க் கழிவகற்றல் வசதி நூற்றுக்கு 3 பேருக்குக்கூட இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் கரையோரம் தட்டை. 150 மில்லிமீற்றர் குழாயில் மலம் தேங்காமல் ஓட 150க்கு 1 என்ற அளவில் சாய்வு வேண்டும் என்றால், ஒரு கிலோமீற்றர் போவதற்குள் குழாய் 22 அடி கீழே இறங்கிவிடும். மணலில் 6 அடி தோண்டினாலே பக்கச் சுவர் சரிந்து விழும், தண்ணீர் கொப்பளிக்கும். இறைத்துக்கொண்டே குழாய் பதிக்க வேண்டும். அதனால் இடைக்கிடை பம்ப் நிலையங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் கரண்டும் மாற்று மோட்டரும் வேண்டும். மூட்டு சரியில்லாவிட்டால் மாரியில் நிலத்தடி நீரும் குழாய்க்குள் புகுந்து நிலையத்துக்கு வந்து சேரும். 500 கன மீற்றருக்குக் கட்டிய நிலையம் அப்போது மழைநீரைச் சுத்திகரித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. வீட்டுத் தொட்டியை அப்படியே வைத்து, அதில் தெளிந்து வரும் தண்ணீரை மட்டும் குழாயில் எடுப்பது. திண்மம் இல்லாததால் 100 மில்லிமீற்றர் குழாய் போதும், சாய்வும் குறையலாம், ஆழமும் குறையும். ஆனால் தொட்டிகளைக் காலத்துக்குக் காலம் துப்புரவாக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆக, எந்தப் பக்கம் போனாலும் முதல் வழியின் வேலையில் ஒரு பங்கு நம் தலையில்தான் விழும்.

## வழி 1: வீட்டுத் தொட்டி, பவுசர், சேற்றுப் படுக்கை

குழாய் வலை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அடி பூசிய, இரண்டு அறையுள்ள தொட்டி. இதற்கு எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரம் உண்டு. சபையின் கலி பவுசர் (மலக்கழிவை உறிஞ்சி எடுக்கும் தாங்கி வண்டி) முறைவைத்து வந்து எடுக்கும். எடுத்ததை ஓரிடத்தில் உலர்த்தி, வடியும் தண்ணீரைச் சிறு குளத்திலோ கல் படுக்கையிலோ சுத்திகரிக்க வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 50 லீற்றர் சேறு சேர்கிறது என்று வைத்தால் ஊருக்கே 250 கன மீற்றர்தான். ஆனால் பவுசர்காரர் சேற்றை மட்டும் பிரித்து எடுப்பதில்லை, தொட்டியையே உறிஞ்சுகிறார். 5 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 250 வீடு, வேலைநாளுக்கு ஒரு வீடு. வீட்டுக்கு 3 கன மீற்றர் வீதம் 750 கன மீற்றர் வந்து சேரும். ஒரு பவுசர், இரண்டு ஆட்கள், கூரை போட்ட 300 சதுர மீற்றர் உலர்த்தும் படுக்கை. சுற்றுவேலி, பாதை எல்லாம் சேர்த்து அரை ஏக்கரில் முடித்துவிடலாம். கூரை அவசியம். ஐப்பசியிலிருந்து தை வரை திறந்த படுக்கையில் எதுவும் காயாது.

மறைந்திருக்கும் செலவு தொட்டிகளில் இருக்கிறது. நம் வளவுகளில் இருப்பவை பெரும்பாலும் தொட்டியே அல்ல, அடியில்லாக் கொங்கிறீட் வளையக் குழிகள். மார்கழியில் பவுசர் ஒன்று இப்படியான குழியில் வேலை செய்வதைப் பார்த்தால் விளங்கும். குழாயை இறக்குகிறார்கள், மட்டம் ஒரு அடி இறங்குகிறது, நிற்கிறது. மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, மட்டம் இறங்கவில்லை. வளைய மூட்டுகளால் தெளிந்த தண்ணீர் உள்ளே வழிகிறது. பவுசர் நிரம்பிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் நிலத்தடி நீர், வீட்டுக்காரர் காசு கொடுத்து எடுப்பித்தது. மறுநாள் காலை குழி பழையபடி. குழியை மூடிய தொட்டியாக மாற்றும் செலவை ஏழை வீட்டின் தலையில் போட்டால் இந்தத் திட்டம் முதல் மாரியிலேயே படுத்துவிடும். அதற்கு மானியம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

பிளாஸ்டிக் தொட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: மாரியில் துப்புரவாக்கி வெறுமையாக விட்டால் அது மிதந்து மேலெழும், குழாயையும் முறித்துக்கொண்டு வரும். கொங்கிறீட் அடித்தளத்தில் கட்டி வையுங்கள். துப்புரவு வேலையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. தொட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளியே போகும் தண்ணீரில் நைதரசன் இருக்கும், மணலில் அது நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குப் போகும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருந்தால் கிருமி பெருமளவு குறையும், நைத்திரேற்று குறையாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதற்கு மேல் ஆபத்து. 20 பேர்ச் வளவுகள், குழாய்நீர் குடிக்கும் வீடுகள் என்றால் சமாளிக்கலாம். காத்தான்குடி போலச் சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் 50 அடிக்கே இடமில்லை. அங்கே இந்த வழி போதாது.

## வழி 2: குளங்கள்

கழிவுநீரை அடுத்தடுத்த குளங்களில் நிறுத்தி வெயிலையும் பாசியையும் கொண்டு சுத்தமாக்குவது. முதற்குளம் 3 மீற்றருக்கு மேல் ஆழம், அடுத்தது ஒன்றரை மீற்றர், கடைசி ஒரு மீற்றர். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிற்கும். கரண்ட் தேவையில்லை, மோட்டர் இல்லை. நோய்க்கிருமியையும் பூச்சி முட்டையையும் ஒழிப்பதில் மற்ற மூன்றையும் விட இதுவே மேல். வயலுக்கோ தென்னைக்கோ பாய்ச்சும் எண்ணம் இருந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆளுக்கு 2 முதல் 3 சதுர மீற்றர் நிலம். 5,000 பேருக்கு இரண்டரை முதல் மூன்றே முக்கால் ஏக்கர். முதற்குளம் நாறும், ஆகவே வீடுகளிலிருந்து சில நூறு மீற்றர் விலகியிருக்க வேண்டும். எழுவான்கரையில் அப்படி ஒரு காணி கிடைத்தால் அதில் ஏற்கனவே யாரோ வீடு கட்டியிருப்பார்கள். மணலில் விரிப்பு இல்லாமல் குளம் நிற்காது. நிலத்தடி நீர் உயர்ந்தால் விரிப்பே கீழிருந்து பொங்கும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கதை வேறு. களிமண் இருக்கிறது, அரச காணி இருக்கிறது. ஆனால் 2011 சனவரி வெள்ளம் எதுவரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அணைக்கட்டை அதற்கு மேல் உயர்த்துங்கள். யானை வேலிச் செலவையும் சேருங்கள், சிரிக்க வேண்டாம். கரையில் புல் வளரவிட்டால் நுளம்பு பெருகும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சபைக்கே வழக்குப் போடும் நிலை வரும். பாசியால் தொங்கல் திண்மம் சிலவேளை 50ஐத் தாண்டும் என்பதையும் சுற்றாடல் அதிகாரிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

## வழி 3: தடுப்பறைத் தொட்டியும் கல் படுக்கையும்

படங்களில் மிக அழகாக இருப்பது இது. கழிவுநீர் முதலில் மூடிய தொட்டியின் பல தடுப்பறைகளில் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகும். காற்றில்லா நுண்ணுயிர்கள் பிஓடியில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிடும். பிறகு அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் கல் நிரப்பி, நாணலோ சம்போ நட்ட படுக்கையில் மணம் வராமல் ஊறிச் செல்லும். கரண்ட் வேண்டாம். வேலை தெரிந்த ஒருவர் கிழமைக்கு இரண்டு தரம் பார்த்தால் போதும்.

பிறகு ஏன் எல்லா ஊரிலும் போடவில்லை? கல்லைக் கணக்குப் பாருங்கள். ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீற்றர் வைத்தால் 7,500 சதுர மீற்றர், 60 சென்ரிமீற்றர் ஆழம். 4,500 கன மீற்றர் கல், ஏறத்தாழ 1,600 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). டிப்பருக்கு 3 கியூப் வீதம் 500 தடவைக்கு மேல். கரையோரத்தில் கல் கிடையாது, உள்நாட்டிலிருந்து ஏற்ற வேண்டும். அதுவும் கழுவிய, ஒரே அளவான கல். தூசியோடு கொட்டினால் முன்பக்கம் இரண்டு மூன்று ஆண்டில் அடைத்துக்கொள்ளும். நுழைவாயில் பக்கம் கல்லுக்கு மேலே தண்ணீர் நின்று பளபளத்தால் அடைப்புத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதிக் கல்லை வாரிக் கழுவ வேண்டும். தொட்டியைத் துப்புரவாக்காமல் விட்ட இடங்களில்தான் இது சீக்கிரம் வருகிறது.

எனவே 5,000 பேருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். 500 முதல் 1,000 பேர்வரை உள்ள ஒரு குறிச்சிக்கு, ஒரு மீள்குடியேற்ற வீட்டுத்திட்டத்துக்கு, பாடசாலை விடுதிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெட்டும் புல்லில் பன்பாய் இழைக்கலாமா என்று கேட்பார்கள். இழைக்கலாம், வாங்குபவரிடம் எங்கே வளர்ந்தது என்று சொல்வீர்களா என்பதுதான் பிரச்சினை.

## வழி 4: காற்றூட்டும் இயந்திர நிலையம்

கம்பனிப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். பெயர்கள் பலவாக இருக்கும், அடிப்படை ஒன்று: தொட்டிக்குள் புளோவரால் காற்றை ஊதி, நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் கொடுத்து வேகமாகத் தின்னவிடுவது. நிலம் அரை ஏக்கருக்குள் அடங்கும். ஒழுங்காக ஓடினால் பிஓடி 30 என்பது லேசான காரியம், நைதரசனையும் இறக்கலாம். வாவிக்கு இதைவிட நல்ல தண்ணீரை மற்ற மூன்றும் தராது. அதை மறைக்கக் கூடாது.

இனி ஓட்டும் செலவு. கன மீற்றருக்கு அரை முதல் ஒரு யூனிட் கரண்ட் என்றால் நாளுக்கு 250 முதல் 500 யூனிட், மாதம் 7,500 முதல் 15,000. மாதம் 100 யூனிட் எரிக்கும் 75 முதல் 150 வீடுகளின் பில் அது. ஊதும் காற்று நின்று இரண்டு மூன்று மணித்தியாலம் போனால் தாங்கும். ஒரு நாள் போனால் நுண்ணுயிர்கள் மூச்சுத்திணறிப் போகும், மீண்டும் வளர்க்க வாரக்கணக்காகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாடு இது. ஆகவே ஜெனரேற்றர், அதற்கு டீசல். கடற்காற்றில் புளோவர், பனல் எல்லாம் துருப்பிடிக்கும். காற்றுக் குமிழ் விடும் சவ்வுகள் சில ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியவை, இறக்குமதி.

ஆள் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நிலையத்தில் தினமும் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லீற்றரை அளவுக் குவளையில் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைப்பது. மண்ணிறச் சேறு கீழே இறங்கி, மேலே தண்ணீர் தெளியும். சேறு 200, 300 மில்லிலீற்றரில் நின்றால் நலம். 600, 700ல் நின்றால் சேற்றை வெளியே எடுக்கும் நேரம், அல்லது உள்ளே ஏதோ கோளாறு. நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது இந்தக் குவளையைத்தான். அது காய்ந்து சிலந்திவலையோடு அலுமாரியில் இருந்தால் மற்றக் காகிதங்களைப் பார்க்கத் தேவையில்லை.

சேறும் இங்கேதான் அதிகம். நம் கணக்கு ஊரில் நாளுக்கு 60 முதல் 80 கிலோ உலர்ந்த எடை. அது நூற்றுக்கு ஒரு பங்குதான் திண்மமாக, மற்றதெல்லாம் தண்ணீராக வரும். நாளுக்கு இரண்டு பவுசர் அளவு. உலர்த்தும் படுக்கை விலைமனுவில் இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்காது.

அறுகம்பே போன்ற இடத்தில் இன்னொரு சிக்கல். பொத்துவில் பக்கம் சித்திரையிலிருந்து ஐப்பசிவரை நிறையும் ஆட்கள் மாரியில் இல்லை. பாதி ஆண்டு தீனி இல்லாமல் கிடக்கும் நுண்ணுயிரை வைத்து இந்த நிலையத்தை நடத்துவது கடினம். இரண்டு தொட்டிகளாகக் கட்டி, ஒன்றை மாரியில் நிறுத்தி வைக்க முடிய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | தொட்டி + பவுசர் | குளங்கள் | தடுப்பறை + கல் படுக்கை | இயந்திர நிலையம் |
|---|---|---|---|---|
| குழாய் வலை | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் (குறிச்சிக்குள்) | வேண்டும் |
| நிலம் (5,000 பேர்) | அரை ஏக்கர் | இரண்டரை முதல் மூன்றே முக்கால் ஏக்கர் | சுமார் 2 ஏக்கர் | அரை ஏக்கருக்குள் |
| கரண்ட் | மிகக் குறைவு | இல்லை | இல்லை | மாதம் 7,500 முதல் 15,000 யூனிட் |
| ஆள் | சாரதி, உதவியாளர் | காவலாளி, புல் வெட்டுபவர் | பகுதி நேரம் ஒருவர் | பயிற்சி பெற்றவர், தினமும் |
| உயர்ந்த நிலத்தடி நீர் | குழிகளைத் தொட்டியாக்க வேண்டும் | விரிப்பும் அணையும் | தொட்டி மிதக்காமல் பாரம் | தொட்டியை மேலே கட்டலாம் |
| கிருமி | மணலைப் பொறுத்தது | நன்று | நடுத்தரம் | குளோரின் வேண்டும் |
| நைதரசன் | போகாது | ஓரளவு | ஓரளவு | நன்கு இறக்கலாம் |
| மறைசெலவு | வீட்டுத் தொட்டி மானியம் | காணி, மண், வேலி | கல் | ஜெனரேற்றர், உதிரிப்பாகம், சேறு |

பம்ப் நிலையங்களின் கரண்ட் இந்த அட்டவணையில் இல்லை. குழாய் வலை உள்ள மூன்றுக்கும் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

வளவு பெரிது, குழாய்நீர் வந்துவிட்டது, சபையிடம் காசில்லை என்றால் முதல் வழி. களுவாஞ்சிகுடியிலிருந்து காரைதீவுவரை பெரும்பாலான ஊர்களுக்கு இதைத்தான் சொல்வேன், கவர்ச்சி இல்லாத பதில் என்று தெரிந்தும். நிலையம் கட்டித் திறப்புவிழா வைப்பது போல, 250 வீட்டுத் தொட்டிக்கு அடி பூசியதற்கு யாரும் நாடா வெட்டமாட்டார்கள். அரை ஏக்கர் கிடைக்காத இரண்டு மூன்று சபைகள் ஒரு சேற்றுப் படுக்கையைப் பங்கு போடலாம். ஆனால் பவுசர் 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டி வந்தால், சாரதி இடையில் எங்காவது திறந்துவிட்டு வரும் ஆசை கூடும். படுக்கையின் வாசலில் பதிவேடு வைத்து, தடவைக் கணக்குக்குக் காசு கொடுப்பது அதைக் கொஞ்சம் தடுக்கும்.

ஊர் பொதுவாக ஐதாக இருந்து, சந்தையடி மட்டும் நெருக்கமாக இருந்தால் அந்தக் குறிச்சிக்கு மட்டும் தெளிந்த நீர்க் குழாயும் மூன்றாவது வழியும். மற்ற வீடுகளுக்கு முதல் வழியே தொடரலாம். இரண்டுக்கும் ஒரே பவுசர் போதும்.

படுவான்கரையில் வெள்ளம் ஏறாத மேட்டுக் காணியும், தண்ணீர் வாங்க வயற்காரரும் இருந்தால் குளம்.

காத்தான்குடி, கல்முனை நகரம் போல நிலமே இல்லாத, வாவிக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கிய இடங்களுக்கும், ஆதார வைத்தியசாலைக்கும், ஹோட்டல் வலயத்துக்கும் நான்காவது வழியைத் தவிர்க்க முடியாது. அவற்றை ஓர் உள்ளூராட்சிச் சபை தனியே சுமக்கவும் கூடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இயக்கி, நீர்ப் பில்லோடு சேர்த்துக் கட்டணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டும் கையொப்பமிடுங்கள். விலைமனுவில் குறைந்தது 5 ஆண்டு இயக்கமும் பராமரிப்பும், உதிரிப்பாகமும், உங்கள் ஆட்களுக்குப் பயிற்சியும், உலர்த்தும் படுக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் என்பது முதல் மாரியோடு முடிந்துவிடும்.

இப்போது கோடை என்றால் வீடு வீடாகத் தொட்டிக் கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்: அடி உண்டா, இல்லையா, கடைசியாக எப்போது எடுத்தது, கிணறு எத்தனை அடியில். அதற்கு ஒரு பி.எச்.ஐ.யும் இரண்டு இளைஞர்களும் ஓர் அளவு நாடாவும் போதும். மார்கழியில் நான்கைந்து இடத்தில் குழி வெட்டி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு தாளும் கையில் இல்லாமல் எந்தக் கம்பனியையும் சபைக்கு அழைக்க வேண்டாம்.